ஒண்ணுக்கு எவ்வளவு, அப்படி எத்தனை?

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ‘வயக்காட்டுப் பெருக்கல் கணக்கு’ என்ற பொருளில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணக்கு என்று தலைப்பைச் சொன்னதும் ரெண்டு மூணு பேர் முகம் சுருங்கினது தெரியுது. பயப்படாதீங்க. இன்றைக்கு நான் சொல்லப் போறது ரெண்டே ரெண்டு கேள்வி. ‘ஒண்ணுக்கு எவ்வளவு? அப்படி எத்தனை?’ இந்த ரெண்டையும் பிடித்துக்கொண்டால் பிள்ளையின் பாடப் புத்தகத்துக் கணக்கும் வரும், வாழைக்கன்று வாங்குகிற கணக்கும் வரும், நம்ம குழுவின் கடன் கணக்கும் வரும்.

சாயங்காலம் நம்ம வீட்டில் நடக்கிறதை நினைத்துப் பாருங்க. நாலாம் வகுப்புப் பிள்ளை நோட்டை விரித்து வாசிக்குது. ‘ஒரு தோப்பில் 14 வரிசைகள் உள்ளன. ஒவ்வொரு வரிசையிலும் 12 தென்னை மரங்கள் உள்ளன. ஒரு மரத்திலிருந்து 9 காய்கள் வீதம் பறித்தால் மொத்தம் எத்தனை காய்கள்?’ வாசித்து முடித்ததும் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி என்ன? ‘அம்மா, இது கூட்டலா, பெருக்கலா?’ நாம என்ன சொல்லுதோம்? ‘எனக்குத் தெரியாதுடா, டியூஷன் அக்காகிட்ட கேளு’ என்று அனுப்பி விடுகிறோம். எத்தனை ஏக்கருக்கு எத்தனை ஆள் என்று அடுப்படியில் நின்றுகொண்டே மனசுக்குள் போடுகிறவள் அதே அம்மாதான். ஆனால் அம்மாவுக்குக் கணக்கு வராது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. அதிலும் பெண்பிள்ளையாக இருந்தால், நமக்கும் வராது என்று அதுவும் சேர்த்து முடிவு கட்டிவிடுகிறது.

வராது என்பது உண்மையில்லை. இதற்குத் தூர தேசத்தில் இருந்து ஒரு சாட்சி சொல்கிறேன். பிரேசில் நாட்டில் ரெசிஃபி என்று ஒரு கடற்கரை நகரம். நம்ம ஊர் மாதிரியே தேங்காயும் பழமும் தெருவில் விற்கிற ஊர். அங்கே விற்பனை செய்கிற 9 வயது முதல் 15 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளை டெரெசின்ஹா நூனஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 1985-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். பொருள் வாங்க வந்தவர் போலப் போய், ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று 12 வயதுப் பையனிடம் கேட்டார்கள். அவன் மூணு காய்க்கு 105, இன்னும் மூணு சேர்த்தால் 210, இன்னும் மூணுக்கு 315, ஒண்ணு பாக்கி, அதனால் 350 என்று வாயாலேயே சொல்லிவிட்டான். சந்தையில் கேட்ட இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். பிறகு அதே மாதிரி எண்களைக் கதைக் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு 74 அளவுக்குத்தான் சரி. கதையும் இல்லாமல் வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 அளவுக்கு இறங்கிவிட்டது.

அதே பிள்ளைகள், அதே மாதிரி எண்கள். அறிவு ஒன்றும் போய்விடவில்லை. அந்தத் தாளில் தேங்காய் இல்லை, அவ்வளவுதான். நம்ம நிலைமையும் இதுதான். வயலில் நிற்கும்போது வருகிற கணக்கு தாளில் வர மாட்டேங்குது. அப்படியானால் செய்ய வேண்டிய வேலை என்ன? தாளில் இருக்கிற கணக்கை மறுபடியும் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வயலை வைத்துக் கணக்குப் போடுவது நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. காரி நாயனார் செய்த கணக்கதிகாரம் என்று ஒரு பழைய தமிழ் நூல் இருக்கிறது. நிலம், நெல், பொன் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணுவதற்கும் அதில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 50 இருந்தால் 50 × 6 = 300. அதை ஐந்தால் வகுத்தால் 60 சுளை. இது உத்தேசக் கணக்குதான், எல்லாப் பழத்துக்கும் அச்சாக ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. குற்றாலம் பக்கம் போகும்போது ஒரு பழம் வாங்கிப் பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்க.

நம்ம நெல்லைச் சீமையில் நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளந்தார்கள். கோட்டைக்கு 21 மரக்கால். மரக்காலுக்கு எட்டுப் படி என்று வைத்தால் 21 × 8 = 168 படி. இப்படி அளந்து கொட்டின நெல்லைக் குத்திப் புடைத்ததும் அவித்ததும் பெண்கள். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தது பெரும்பாலும் ஆம்பிளைப் பிள்ளைகள். வேலை ஒரு பக்கம், வாய்ப்பாடு ஒரு பக்கம் என்று ஆனது அப்போதே.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். நம்ம ஆச்சிமார், அம்மாமார் பலர் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். அதற்கு முன்பே 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் முதல் குழுக்கள் ஆரம்பமாகின. பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. இன்றைக்கு நம்மில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு. இனி அடுத்த படி என்ன? கையெழுத்துக்கு மேலே எழுதியிருக்கிற எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

சரி, தோப்புக் கணக்குக்கு வருவோம். நாலு படியாகப் போவோம்.

முதல் படி: எண்ணைத் தொடாதீங்க. கதையை உங்க வாயால் சொல்லுங்க. ‘ஒரு தென்னந்தோப்பு. வரிசை வரிசையா மரம். ஒவ்வொரு மரத்திலயும் காய் பறிக்காங்க. எல்லாக் காயும் எத்தனைன்னு கேக்காங்க.’ இப்படிச் சொல்ல வந்துவிட்டால் கணக்கில் பாதி முடிந்தது. பிள்ளை எண்ணைப் பார்த்த உடனே கூட்டவோ பெருக்கவோ ஓடும். விடாதீங்க. ‘கதையைச் சொல்லு முதல்ல’ என்று பிடித்து நிறுத்துங்க.

இரண்டாம் படி: ‘ஒண்ணுக்கு எவ்வளவு?’ என்று தேடுங்க. அதைக் காட்டிக்கொடுக்கிற சொற்கள் கணக்கிலேயே இருக்கும். ஒவ்வொரு, வீதம், தலா, ஏக்கருக்கு, ஆளுக்கு, மூட்டைக்கு. இந்தக் கணக்கில் ஒரு வரிசைக்கு 12 மரம். ஒரு மரத்துக்கு 9 காய்.

மூன்றாம் படி: ‘அப்படி எத்தனை?’ அப்படி 14 வரிசை. 14 × 12. இதைப் பிரித்துப் போடுங்க. பத்து வரிசைக்கு 120. நாலு வரிசைக்கு 48. சேர்த்தால் 168. இந்த 168 என்ன? வரிசையா, மரமா, காயா? மரம். இதைக் கேட்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. இப்போது மறுபடியும், ஒரு மரத்துக்கு 9 காய், அப்படி 168 மரம். ஒன்பதாம் வாய்ப்பாடு வரவில்லையா? மரத்துக்குப் பத்துக் காய் என்று வைத்துக்கொள்ளுங்க. 1,680. மரத்துக்கு ஒரு காய் கூடுதலாக எண்ணிவிட்டோம், அதனால் 168-ஐக் கழித்துவிடுங்க. 1,512 காய்.

நாலாம் படி: உத்தேசம் பாருங்க. மரம் 170-க்குப் பக்கம், காய் பத்துக்குப் பக்கம், அப்படியானால் 1,700-க்குக் கொஞ்சம் குறைவாக வரணும். வந்திருக்கு. பிள்ளை 35 என்று விடை எழுதியிருந்தால், 14-ஐயும் 12-ஐயும் 9-ஐயும் கூட்டியிருக்கு என்று அர்த்தம். அதைத் திட்டாதீங்க. ‘168 மரம் இருக்கிற தோப்பில் 35 காய்தானா, மிச்சத்தை யாரு பறிச்சா?’ என்று கேளுங்க. சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும்.

இனி நம்ம கணக்குகளுக்கு வருவோம். விலையும் கூலியும் ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். நான் சொல்கிற தொகையெல்லாம் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.

முதல் கணக்கு நடுகை. பிசானத்துக்கு மூணு ஏக்கரில் நடணும். காலையில் 7 மணிக்கு வேலை தொடங்கும். ஏக்கருக்கு 12 பேர். ஆளுக்கு 350 ரூபாய். கூலிக்கு எவ்வளவு பணம் கையில் வேணும்? ஒரு ஏக்கருக்கு 12 பேர், அப்படி மூணு ஏக்கர், 36 பேர். ஒரு ஆளுக்கு 350, அப்படி 36 ஆள். 36 × 300 = 10,800. 36 × 50 = 1,800. மொத்தம் 12,600 ரூபாய். கவனிச்சீங்களா, 7 மணி என்று சொன்னேன், அது கணக்கில் சேரவே இல்லை. எண் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பெருக்கக் கூடாது. பாடப் புத்தகத்திலும் பிள்ளைகளைச் சோதிக்க இப்படி ஒரு எண்ணை வைப்பார்கள். வாழ்க்கையில் யாரும் வைக்க வேண்டாம், தானாகவே நிறைய எண் வந்து விழும்.

இரண்டாவது வாழை. அம்பாசமுத்திரத்தில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றுப் பாசனத்தில் வாழை போடாத ஊர் குறைவு. குழுவாகச் சேர்ந்து 40 சென்ட் குத்தகைக்கு எடுக்கிறீங்க என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கன்று வேணும்? ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆறுக்கு ஆறு அடி இடைவெளி விட்டால் ஒரு கன்றுக்கு 6 × 6 = 36 சதுர அடி. அப்போது சென்ட்டுக்குப் 12 கன்று. 40 சென்ட்டுக்கு 12 × 40 = 480. வரப்பு, வாய்க்கால் போக இன்னும் கொஞ்சம் குறையும்.

இப்போது ஒருத்தர் சொல்கிறார், ‘ஒரு அடிதானே, ஐந்துக்கு ஐந்தாக வைப்போம்.’ ஒரு அடி குறைத்தால் என்ன ஆகும்? 5 × 5 = 25 சதுர அடி. சென்ட்டுக்கு 17 கன்று. 17 × 40 = 680. இருநூறு கன்று கூடிவிட்டது! ஏன்? நீளத்திலும் ஒரு அடி குறைந்தது, அகலத்திலும் ஒரு அடி குறைந்தது. ரெண்டு பக்கமும் பெருகுகிறது. கன்று 15 ரூபாய் என்றால் 3,000 ரூபாய் கூடுதல். கன்றோடு முடிகிறதா? ஒவ்வொரு கன்றுக்கும் உரம், ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக்கம்பு. அந்த இருநூறால் எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். நெருக்கி வைப்பதா வேண்டாமா என்று தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்க. ஆனால் கடன் மனு எழுதும்போது எந்த இடைவெளிக்கு எத்தனை கன்று என்ற கணக்கு நம்ம கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கணக்கு சின்னதாகத் தெரியும், அதுதான் ஆபத்து. அறுப்பு முடிந்து 65 மூட்டை நெல். வாங்க வந்த வியாபாரி, ‘தூசி, ஈரம் எல்லாம் இருக்கு, மூட்டைக்கு ஒரு கிலோ கழிச்சுக்கிடுதேன்’ என்கிறார். ஒரு கிலோதானே என்று தலையாட்டி விடுகிறோம். கேள்வியைக் கேளுங்க. ஒண்ணுக்கு எவ்வளவு? ஒரு கிலோ. அப்படி எத்தனை? 65. மொத்தம் 65 கிலோ. நாற்பது கிலோ மூட்டை என்றால் ஒன்றரை மூட்டைக்கும் மேலே போகுது. கிலோ 24 ரூபாய் என்றால் 60 × 24 = 1,440, 5 × 24 = 120, ஆக 1,560 ரூபாய். நாலு பெண்கள் வெயிலில் குனிந்து நின்ற ஒரு நாள் கூலி அது. கழிவு நியாயமாகவும் இருக்கலாம், ஈரம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ‘ஒரு கிலோ’ என்று கேட்டுச் சம்மதிப்பது வேறு, ‘1,560 ரூபாய்’ என்று தெரிந்து சம்மதிப்பது வேறு. பேரம் பேசுகிறவர் எப்போதும் ‘ஒண்ணுக்கு’ கணக்கில்தான் பேசுவார். ‘அப்படி எத்தனை’ என்பதை நாமதான் கேட்டாக வேண்டும்.

பெருக்கக் கூடாத இடமும் உண்டு. அதையும் சொல்லி விடுகிறேன். ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருந்தால்தான் பெருக்கல் செல்லும். ஒரு தாரில் 8 சீப்பு இருந்தது என்பதற்காக 480 தாருக்கும் எட்டு என்று பெருக்கி வரவு எழுத முடியாது. ஒன்றில் ஒன்பது இருக்கும், ஒன்றில் ஐந்துதான் இருக்கும், ஒன்று காற்றில் சாய்ந்தே போயிருக்கும். அங்கே பத்துப் பதினைந்து தாரை எண்ணி, சராசரி பார்த்து, அதையும் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்வதுதான் புத்தி. அதே மாதிரி, 12 பேர் ஒரு நாளில் நடுகிற ஒரு ஏக்கரை 24 பேர் எத்தனை நாளில் நடுவார்கள் என்று கேட்டால், ஆள் ரெண்டு மடங்கு, அதனால் ரெண்டு நாள் என்று பிள்ளை எழுதும். வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்க. ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியுமா, இழுக்குமா? அரை நாள் போதும்.

இந்தப் பெருக்கக் கூடாத கணக்கு நமக்கு ரொம்ப வேண்டியது கடன் வட்டியில். ஒரு அக்கா 20,000 ரூபாய் கடன் வாங்குகிறாங்க. மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. 20,000-ல் எத்தனை நூறு? 200 நூறு. அதனால் முதல் மாசம் வட்டி 200 ரூபாய். பத்து மாசத்தில் திருப்பிக் கட்டணும். 200 × 10 = 2,000 ரூபாய் வட்டி என்று சொல்லலாமா? அசல் பத்து மாசமும் அப்படியே கிடந்தால் சரி. ஆனால் அந்த அக்கா மாசா மாசம் 2,000 ரூபாய் அசலும் கட்டி வாராங்க. ரெண்டாவது மாசம் நிலுவை 18,000, வட்டி 180. மூணாவது மாசம் 160. இப்படியே இறங்கிப் பத்தாவது மாசம் வெறும் 20 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் 1,100 ரூபாய்தான். அசல் குறைந்த பிறகும் 200 ரூபாயையே பத்தால் பெருக்கி வாங்கினால், 900 ரூபாய் கூடுதலாகப் போகுது. வெளியில் யாரிடம் கடன் வாங்கினாலும் சரி, நம்ம குழுவில் வாங்கினாலும் சரி, ‘வட்டி முழு அசலுக்கா, நிலுவைக்கா?’ என்று கேளுங்க. மாசா மாசம் வட்டி ஒரே அளவாக இருக்கிறதா, குறைகிறதா என்று பாஸ் புத்தகத்தைப் பாருங்க. பெருக்கலா கூட்டலா என்று பிள்ளை கேட்ட அதே கேள்விதான் இது. அங்கே ஒரு மதிப்பெண் போகும், இங்கே 900 ரூபாய் போகும்.

முடிவாக மூணு வேலை சொல்லுதேன். நம்ம கூட்டங்களில் செய்து பார்க்கலாம்.

ஒன்று, ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒரே ஒரு கணக்கு. அந்த வாரம் யாராவது ஒரு உறுப்பினர் வீட்டில் நடந்த கணக்காக இருக்கட்டும். பால் ஊற்றின கணக்கு, பீடி சுற்றின கணக்கு, நடுகைக் கூலி, எதுவானாலும் சரி. ஒருத்தர் கதையைச் சொல்ல, இன்னொருத்தர் ‘ஒண்ணுக்கு எவ்வளவு’ சொல்ல, மூணாவது ஆள் ‘அப்படி எத்தனை’ சொல்லட்டும். நோட்டில் எழுதுகிற வேலை ஒவ்வொரு வாரமும் ஒரு கைக்கு மாறட்டும். ஊக்குநர் மட்டும் எழுதினால் ஊக்குநருக்கு மட்டும்தான் வரும்.

இரண்டு, வீட்டில் பிள்ளை கணக்கை வாசிக்கட்டும், நாம கதையைச் சொல்லுவோம். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் தொடங்கியதில் இருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகள் பொருளைக் கையில் வைத்து எண்ணிப் படிக்கிறார்கள். அதற்கு நம்ம வீட்டைவிட நல்ல இடம் எது? புளியங்கொட்டையை நாலு நாலாக ஆறு வரிசை வைக்கச் சொல்லுங்க. ஆறு நாலு இருபத்து நாலு என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எழுத வராத ஆச்சியும் இதைச் சொல்லிக் கொடுக்க முடியும். பதிலுக்குப் பிள்ளை ஆச்சிக்கு எண்ணை எழுதக் காட்டட்டும்.

மூன்று, எந்தத் தாளிலும், குழுவின் கணக்குப் புத்தகமாகவே இருந்தாலும், மொத்தத் தொகையைப் பார்த்ததும் கையெழுத்துப் போட வேண்டாம். ‘இது ஒண்ணுக்கு எவ்வளவு, அப்படி எத்தனை?’ என்று கேட்டுவிட்டுப் போடுங்க. எழுதுகிற அக்காமாரே, தங்கச்சிமாரே, யாராவது கேட்டால் கோவிச்சுக்காதீங்க. அவங்க உங்களைச் சந்தேகப்படவில்லை. பத்துப் பேர் போட்டுப் பார்த்த கணக்கு ஒருத்தர் போட்ட கணக்கைவிட உறுதி. தணிக்கைக்கு வருகிறவர் முன்னால் உங்களுக்காகப் பேசப் போறதும் அந்தப் பத்துப் பேர்தான்.

வயலில் நாற்றை ஒண்ணு ஒண்ணாக நட்டுத்தான் ஏக்கர் கணக்கில் பச்சையாக்குகிறோம். வாரம் ஒரு கணக்கு போட்டால் வருஷத்துக்கு 52 கணக்கு. குழுவுக்கு 12 பேர் என்றால் எத்தனை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்க. பத்துப் பேருக்கு 520 என்று ஆரம்பிங்க, மிச்சம் தானாக வரும்.